டிகோடரில் கப்ளர் கழற்றியை இணைத்த பிறகு காயில் சூடாகிறது, முன்விளக்கும் அணைகிறது: காரணம் என்ன?

ஷண்டிங்பிரியன் (கேள்வி)

வணக்கம். எச்.ஓ. அளவில், அதாவது 1:87 விகிதத்தில் அமைந்த ஒரு மாதிரி ஷண்டிங் (பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும்) டீசல் இன்ஜினின் பின்பக்கத்தில், தொலைவிலிருந்தே பெட்டியைக் கழற்றிவிடக்கூடிய மின்கப்ளர் ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். கப்ளர் என்.இ.எம். (ஐரோப்பிய மாதிரி இரயில் தரநிலை) 362 பொந்தில் ஆட்டமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அதனுள் ஒரு சிறு காயில் இருக்கிறது; மின்சாரம் பாய்ந்ததும் கொக்கி மேலெழுந்து பக்கத்துப் பெட்டியை விட்டுவிட வேண்டும். காயிலிலிருந்து வரும் இரண்டு மெல்லிய வயர்களில் ஒன்றை, இன்ஜினுக்குள் இருந்து கட்டளைகளை நிறைவேற்றும் மின்னணுப் பலகையான டிகோடரின் நீல வயரிலும் மற்றொன்றைப் பச்சை வயரிலும் பற்றவைத்து, கைக்கருவியின் எஃப் 1 பொத்தானால் இயக்குகிறேன். டிகோடர் என்.இ.எம். 652 எனப்படும் 8 முனைச் செருகி உடையது.

இந்த அமைப்பு வேலை செய்கிறது என்றாலும், நம்பி ஷண்டிங் செய்யும் அளவுக்கு இல்லை. பொத்தானை அழுத்தும்போது சில வேளைகளில் முன்விளக்கும் சேர்ந்து அணைந்துவிடுகிறது. பொத்தானை விடுவித்துச் சற்றுப் பொறுத்தால் எல்லாம் திரும்ப வருகிறது. பொத்தான் சில விநாடிகள் இயக்கத்திலேயே இருந்துவிட்டால், கப்ளரின் உடல் தொட முடியாத அளவுக்குச் சூடாகிறது. தொடர்ந்து ஷண்டிங் செய்யும்போது, தொடக்கத்தில் நன்றாகக் கழன்ற கொக்கி போகப்போகச் சோர்ந்துவிடுகிறது. இன்ஜின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்து நின்ற இடத்தில் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் கழல்வதே இல்லை. தண்டவாளத்துக்கு மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்தபோது, யாரும் பொத்தானைத் தொடாமலே காயில் இயங்கத் தொடங்கியதையும் கண்டேன்.

நான் எடுத்த அளவுகள்: காயிலின் மின்தடை, குளிர்ந்த நிலையில் 48 ஓம், தண்டவாள மின்னழுத்தம் 16 வோல்ட், டிகோடரின் குறிப்பேட்டின்படி ஒரு செயல்வெளியீடு (விளக்கு, கப்ளர் போன்றவற்றுக்கான வயர்) தாங்கும் மின்னோட்டம் 200 மில்லியாம்பியர். வயரிங்கில் பிழை உள்ளதா, அல்லது டிகோடரின் அமைப்பில் மாற்ற வேண்டியது ஏதேனும் உண்டா? முன்பக்கத்திலும் இதே கப்ளரைப் பொருத்தி, இரண்டையும் தனித்தனியாக இயக்க விரும்புகிறேன். அதற்கு முன் இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்பதே என் எண்ணம்.

மின்சுருள் (மறுமொழி)

வணக்கம். அளவுகளை எடுத்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள்; அதனால் ஊகத்துக்கு இடமில்லாமல் பேசலாம்.

முதலில் வயரிங். டி.சி.சி. (தண்டவாளம் வழியே எண்முறைக் கட்டளை அனுப்பும் முறை) டிகோடரில் நீல வயர் எல்லாச் செயல்வெளியீடுகளுக்கும் பொதுவான நேர்முனை. தண்டவாளத்தில் வரும் மாறுமுனை மின்சாரத்தை டிகோடர் தன்னுள்ளே நேர்ப்படுத்தி, அதன் நேர்முனையை நீல வயரில் எப்போதும் தந்துகொண்டிருக்கிறது. வெள்ளை, மஞ்சள், பச்சை, ஊதா ஆகிய வயர்கள் மின்சாரத்தை வெளியே தருபவை அல்ல. பொத்தானை அழுத்தும்போது டிகோடருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் அந்த வயரை எதிர்முனையோடு சேர்க்கிறது, அவ்வளவுதான். ஆகவே காயிலை நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் இணைத்தது முற்றிலும் சரி. காயிலின் உள்ளே நிலைக்காந்தம் இல்லாத வரை, எந்த முனை எந்த வயருக்கு என்பதும் பொருட்டல்ல.

சிக்கல் மின்னோட்டத்தில் இருக்கிறது. நேர்ப்படுத்தும்போது இரண்டு டயோடுகளில் ஏறத்தாழ 1.4 வோல்ட் போய்விடுவதால், 16 வோல்ட் தண்டவாளத்திலிருந்து நீல வயருக்கு வருவது 14.6 வோல்ட். அதை 48 ஓமால் வகுத்தால் 304 மில்லியாம்பியர். உங்கள் டிகோடர் தாங்குவதோ 200. எனவே டிகோடரின் மிகைமின்னோட்டப் பாதுகாப்பு குறுக்கிட்டு வெளியீட்டை நிறுத்துகிறது. பல டிகோடர்களில் இந்தப் பாதுகாப்பு எல்லாச் செயல்வெளியீடுகளுக்கும் சேர்த்தே அமைந்திருப்பதால், கப்ளரின் பளு மிகும்போது முன்விளக்கும் கூடவே அணைகிறது. விளக்கு அணைவதைத் தனிக் கோளாறாகத் தேட வேண்டாம். டிகோடர் தன்னைக் காத்துக்கொள்வதற்கான அடையாளம் அது. ஆனால் அந்தப் பாதுகாப்பை நாள்தோறும் வேலை வாங்குவது நல்லதல்ல.

இந்த 14.6 வோல்ட் கணக்கை நேரில் சரிபார்க்க விரும்பினால், காயிலைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை வைத்து, பொத்தானை இயக்கி, நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் மல்டிமீட்டரை நேர்மின் அளவில் வைத்துப் பாருங்கள். தண்டவாளத்தில் நேரடியாக அளப்பதைவிட இது நம்பகமானது, ஏனெனில் டி.சி.சி. மின்சாரம் சதுர அலை வடிவில், சாதாரண மல்டிமீட்டர் எதிர்பார்ப்பதைவிட மிக உயர்ந்த அதிர்வெண்ணில் வருவதால், மாறுமின் அளவில் அது காட்டும் எண் மீட்டருக்கு மீட்டர் மாறும்.

அடுத்தது வெப்பம். 14.6 வோல்ட்டும் 304 மில்லியாம்பியரும் பெருகினால் 4.4 வாட். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் சிறு ரெசிஸ்டரே கால் வாட்டுக்குத்தான் செய்யப்படுகிறது. சில மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு காயிலில், காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் உறைக்குள், 4 வாட்டுக்கு மேல் தொடர்ந்து செலுத்தினால் நீங்கள் சொல்லும் சூடு வந்தே தீரும். கப்ளர்களும் மேற்கூடுகளும் செய்யப்படும் பிளாஸ்டிக்குகளில் பல ஏறத்தாழ 100 பாகை செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். கொக்கியின் சுழல்முனை சற்றே உருமாறினால் போதும், பிறகு எந்த மின்னோட்டமும் அதைச் சரிவர உயர்த்தாது.

போகப்போகச் சோர்வதற்கும் இந்தச் சூடுதான் காரணம். செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.39 விழுக்காடு ஏறுகிறது. காயில் 60 பாகை கூடுதலாகச் சூடானால் 48 ஓம் என்பது 59 ஓம் ஆகிவிடும். மின்னோட்டம் 247 மில்லியாம்பியருக்கு இறங்கும். இழுவிசை ஏறத்தாழ மின்னோட்டத்தின் இருபடியைப் பொறுத்தது என்பதால், மூன்றில் ஒரு பங்கு விசை காணாமல் போகிறது.

எனவே செய்ய வேண்டியவற்றுள் முதலாவது, காயிலுக்கு மின்சாரம் செல்லும் நேரத்தை டிகோடரைக் கொண்டே கட்டுப்படுத்துவது. பொத்தானிலிருந்து விரலை விரைவாக எடுத்துவிடுவேன் என்று நம்பி இருப்பது போதாது. கப்ளருக்கென்றே தனி இயக்கமுறை உள்ள டிகோடர்கள் இருக்கின்றன: தொடக்கத்தில் முழு மின்னழுத்தத்தைச் சிறிது நேரம் கொடுத்துக் கொக்கியை உயர்த்திவிட்டு, பிறகு துடிப்பகல மாற்றத்தால், அதாவது மின்சாரத்தை மிக விரைவாக விட்டுவிட்டுத் தருவதால், குறைத்த மின்னழுத்தத்தில் பிடித்துவைத்திருக்கும், அல்லது முற்றிலும் நிறுத்திவிடும். உயர்த்துவதற்கு வேண்டிய விசை பெரிது, உயர்ந்ததைப் பிடித்துவைக்க வேண்டிய விசை சிறிது என்ற உண்மையை இந்த முறை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது.

ஜிமோ நிறுவன டிகோடர்களில் இதற்கு இரண்டு அமைப்புகள் தேவை. டிகோடரின் ஒவ்வோர் அமைப்பும் சி.வி. என்ற எண்ணிட்ட இடத்தில் எழுதப்படுகிறது. பச்சை வயருக்குரிய சி.வி. 127-இல் 48 என்று எழுதினால் அந்த வெளியீடு கப்ளர் முறைக்கு மாறும். நேரமும் பிடிப்பு மின்னழுத்தமும் சி.வி. 115-இல் இருக்கின்றன: பத்தாம் இலக்கம் (பத்துகளின் இடம்) முழு மின்னழுத்தம் நீடிக்கும் நேரம், ஒன்றாம் இலக்கம் (ஒன்றுகளின் இடம்) அதன் பிறகு தொடரும் குறைந்த மின்னழுத்தத்தின் விழுக்காடு. பத்தாம் இலக்கத்தில் 3 என்றால் 0.4 விநாடி, 5 என்றால் 1 விநாடி, 6 என்றால் 2 விநாடி. ஆகவே 60 என்று எழுதினால், 2 விநாடி முழு வலிமையோடு இயங்கிவிட்டு, பொத்தான் இயக்கத்திலேயே இருந்தாலும் மின்சாரம் நின்றுவிடும். 34 என்று எழுதினால் 0.4 விநாடிக்குப் பின் 40 விழுக்காட்டில் பிடித்திருக்கும். கொக்கி தானே கீழே விழுந்துவிடும் வகையென்றால் பிடிப்பு மின்னழுத்தம் வேண்டும். மின்துடிப்பு முடிவதற்குள் விலகல் முடிந்துவிடும் வகையென்றால் வேண்டாம். உங்கள் டிகோடர் வேறு நிறுவனத்துடையது என்றால் எண்கள் மாறும், கருத்து மாறாது. கையேட்டில் கப்ளர் முறையையோ தானியங்கி நிறுத்த நேரத்தையோ தேடுங்கள். இரண்டுமே இல்லாத டிகோடராக இருந்தால், அதில் இந்தக் கப்ளரை இணைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

நேரத்தைக் கட்டுப்படுத்துவது சூட்டைத் தீர்க்கும். ஆனால் 304 மில்லியாம்பியர் என்பது அப்படியே இருக்கும். அதற்குக் காயிலோடு தொடராக 27 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை, 1 வாட் தாங்குவதாகப் பார்த்து இணைத்தால், மொத்தம் 75 ஓம் ஆகி மின்னோட்டம் 195 மில்லியாம்பியரில் நிற்கும். தண்டவாள மின்னழுத்தத்தை மட்டும் இறக்கிப் பயனில்லை. 14 வோல்ட்டுக்கு இறக்கினாலும் 262 மில்லியாம்பியர் வருகிறது.

கடைசியாக ஒரு டயோடு. காயிலில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று துண்டித்தால், அது எதிர்த்து எழுப்பும் மின்னழுத்தத் துடிப்பு டிகோடரின் டிரான்சிஸ்டரைத் தாக்கும். சில டிகோடர்களில் இதற்கு உள்ளேயே பாதுகாப்பு உண்டு என்றாலும், காயிலின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு டயோடைப் பற்றவைத்துவிடுவது நல்லது. கோடு போட்ட முனை நீல வயர்ப் பக்கமும் மற்ற முனை பச்சை வயர்ப் பக்கமும் இருக்க வேண்டும். 200 மில்லியாம்பியர் வரை 1 என் 4148 போதும். அதற்கு மேல் 1 ஆம்பியர் ஷாட்கி டயோடு ஏற்றது. திருப்பிப் போட்டுவிட்டால், பொத்தானை அழுத்திய கணமே நீலமும் பச்சையும் நேரடியாகக் குறுக்கிணைந்து வெளியீடு எரிந்துபோகக்கூடும். எனவே மின்சாரம் கொடுக்கும் முன் மல்டிமீட்டரின் டயோடு அளவில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குறைந்த மின்னழுத்தத்தில் பிடித்துவைக்கும்போதும் இந்த டயோடு உதவுகிறது: துடிப்புகளின் இடைவெளியில் காயிலின் மின்னோட்டம் அறுந்துவிடாமல் டயோடு வழியே சுழன்றுகொண்டிருப்பதால், கொக்கி நடுங்காமல் நிற்கும்.

தடமாற்றி (மறுமொழி)

மின்சுருள் அவர்கள் மின்சாரப் பக்கத்தை விரிவாகச் சொல்லிவிட்டார். இழுத்துவந்து நிறுத்திய இடத்தில் கொக்கி கழலாமல் இருப்பதற்கு மின்னோட்டம் மட்டும் காரணமல்ல. அங்கே இயக்கவியல் இருக்கிறது.

இன்ஜின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்து நிற்கும்போது, இரண்டு கப்ளர்களின் கொக்கிகளும் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கின்றன. அந்த இறுக்கத்தில் கொக்கியை உயர்த்த முயல்வது, பளு தொங்கும் தாழ்ப்பாளைத் திறப்பதற்கு ஒப்பானது. எவ்வளவு வலிய காயிலாக இருந்தாலும் உராய்வை வெல்ல முடியாமல் போகும் வேளைகள் உண்டு. உண்மையான இரயில்வேயில் ஷண்டிங் பணியாளர் கப்ளிங்கைக் கழற்றும் முன் ஓட்டுநரிடம் சற்றே பின்னால் தள்ளச் சொல்வதும் இதனால்தான். மாதிரி இன்ஜினும் அதையே செய்ய வேண்டும்: முதலில் பெட்டிகளை நோக்கி ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும், தளர்ந்த நிலையில் கொக்கியை உயர்த்த வேண்டும், உயர்ந்திருக்கும்போதே விலகிச் செல்ல வேண்டும். விலகும் முன் கொக்கி விழுந்துவிட்டால் மீண்டும் மாட்டிக்கொள்ளும்.

இதைக் கையால் செய்யலாம்; ஆனால் வேகக்குமிழையும் திசையையும் பொத்தானையும் அரை விநாடிக்குள் ஒருங்கே கையாள வேண்டியிருப்பதால், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வராது. டிகோடரையே செய்ய வைப்பதுதான் சிறந்த வழி. இ.எஸ்.யு. நிறுவன டிகோடர்களில் இதற்கு மூன்று சி.வி.கள் உண்டு: 246 நகரும் வேகத்தையும், 247 விலகிச் செல்லும் நேரத்தையும், 248 தள்ளும் நேரத்தையும் குறிக்கின்றன. சி.வி. 246-இல் பூஜ்யம் இருந்தால் இந்தத் தானியங்கி ஆட்டம் நடைபெறாது. விலகும் நேரம் தள்ளும் நேரத்தைவிட நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் தள்ளிய தூரத்தைத் திரும்பக் கடந்து பழைய இடத்திலேயே நின்றுவிடும், பெட்டியிலிருந்து விலகியிருக்காது. ஜிமோவில் சி.வி. 116 இதே வேலைக்கானது. அதில் நூறாம் இலக்கத்தில் 1 இருந்தால் விலகும் முன் தள்ளித் தளர்த்தும். எந்த நிறுவனமாக இருந்தாலும், நின்ற இடத்திலிருந்து, வேகக்குமிழ் பூஜ்யத்தில் இருக்கும்போது பொத்தானை அழுத்துங்கள். டிகோடர் எந்தத் திசையை விலகும் திசையாக எடுத்துக்கொள்கிறது என்பதை முதலில் பெட்டி எதுவும் மாட்டாமல் ஓட்டிப் பார்த்துக்கொள்ளவும்.

வேகத்தைச் சரிசெய்வதில் பொறுமை தேவை. வேகம் மிகுந்தால் தள்ளும்போதே இலகுவான பெட்டிகள் உருண்டு போய்விடும். குறைந்தால் மோட்டார் அசையத் தொடங்கும் முன் தள்ளும் நேரம் முடிந்துவிடும். இரண்டும் ஒத்துவர, இன்ஜின் மிகக் குறைந்த வேகத்தில் தயங்காமல் நகர வேண்டும். ஆகவே மோட்டாரின் குறைந்தபட்ச வேகத்தையும் பளு ஈடுசெய்தலையும் (பளு மாறினாலும் வேகத்தை நிலைநிறுத்தும் அமைப்பையும்) முதலில் சீர்செய்துவிட்டு, சக்கரங்களையும் தண்டவாளத்தையும் துடைத்துவிட்டு, அதன் பிறகே இந்த சி.வி.களைத் தொடுங்கள். இந்த வரிசையை மாற்றினால் இரண்டு வேலைகளையும் திரும்பச் செய்ய நேரிடும்.

கப்ளருக்குச் செல்லும் வயர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான எச்.ஓ. இன்ஜின்களில் கப்ளர் பொந்து வளைவுகளில் பக்கவாட்டில் நகர்ந்து, நேர்ப்பாதையில் ஸ்பிரிங்கால் நடுவுக்குத் திரும்பும். டிகோடரோடு வரும் வயரையே கப்ளர் வரை நீட்டிவிட்டால், அதன் விறைப்பே கப்ளரை ஒருபக்கம் தள்ளி, வளைவில் பெட்டி தடம்புரளச் செய்யும். 0.1 மில்லிமீட்டர் அளவிலான எனாமல் பூசிய செம்புக் கம்பியோ மிக மென்மையான பல்லிழை வயரோ எடுத்து, கப்ளருக்குப் பின்னால் தளர்ந்த வளையமாக விட்டு, அடிச்சட்டத்தில் ஒரு சிறு இணைப்புத் தட்டில் முடித்துவிடுங்கள். அந்தத் தட்டிலிருந்து டிகோடர் வரை சாதாரண வயர் போதும். கப்ளரை மாற்ற வேண்டியிருந்தாலும் இன்ஜினின் மேற்கூட்டைக் கழற்றாமலே அந்தத் தட்டில் வேலையை முடிக்கலாம். அடிச்சட்டம் உலோகமாக இருந்தால், எனாமல் கம்பி உரசக்கூடிய விளிம்புகளில் கேப்டான் டேப் (மின்சாரம் கடத்தாத, வெப்பம் தாங்கும் டேப்) ஒட்ட மறக்க வேண்டாம். பல இன்ஜின்களில் சட்டம் ஒரு தண்டவாளத்தோடு மின்தொடர்பில் இருக்கும், பச்சை வயரின் எனாமல் தேய்ந்து சட்டத்தைத் தொட்டால் டிகோடர் தாங்காது.

ஷண்டிங்பிரியன்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முன்விளக்கு அணைவதும் சூடும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள் என்பது இப்போது தெளிவாகப் புரிகிறது. டயோடைப் போட்டுவிட்டேன், கையேட்டில் தேடியதில் கப்ளர் முறையும் என் டிகோடரில் இருக்கிறது. நேரத்தைச் சுருக்கியதும் சூடு அடங்கிவிட்டது. 27 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக இணைத்த பிறகு முன்விளக்கும் அணைவதில்லை. ஆனால் கொக்கி முன்பைவிட மெதுவாக, சில வேளைகளில் பாதி வரை மட்டுமே எழுகிறது.

முன்பக்கக் கப்ளருக்கு எந்த வயரை எடுப்பது? 8 முனைச் செருகியில் பச்சையைத் தவிர வேறு கூடுதல் வெளியீடு இல்லை. என்னிடம் 21 எம்.டி.சி. செருகி உள்ள மற்றோர் இன்ஜினும் இருக்கிறது. அதிலும் இதே கப்ளரைப் பொருத்தும் எண்ணம் உண்டு. மேலும், காயிலுக்குப் பதிலாக நினைவுலோகக் கம்பியால் இயங்கும் கழற்றிகளைப் பற்றியும் படித்தேன். அவற்றையும் இதே வயர்களில் இணைக்கலாமா?

நுண்கம்பி (மறுமொழி)

ரெசிஸ்டரைப் பற்றி மின்சுருள் அவர்களிடமிருந்து சற்று மாறுபடுகிறேன். டிகோடரைக் காப்பதற்கு அது சரியான வழிதான். ஆனால் 304 மில்லியாம்பியரில் இயங்கும்படி செய்யப்பட்ட காயிலுக்கு 195 கொடுத்தால், அவரே சொன்ன இருபடிக் கணக்கின்படி விசை 41 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். கொக்கி பாதியில் நிற்பது அதன் விளைவே. டிகோடரின் வெளியீடு காயிலுக்குப் போதாதபோது, காயிலைப் பட்டினி போடுவதைவிட அந்த வெளியீட்டுக்குத் துணையாக ஒரு சுவிட்ச் வைப்பதே முறை என்று கருதுகிறேன்.

அதற்கு ஒரு சிறு பி-சேனல் மாஸ்ஃபெட் போதும். சோர்ஸ், கேட், டிரெயின் என மூன்று முனைகள் கொண்ட மின்னணு சுவிட்ச் அது; கேட் கட்டுப்படுத்தும், மற்ற இரண்டின் வழியே மின்னோட்டம் செல்லும். அதன் சோர்ஸ் முனையை நீல வயரோடும், கேட் முனையைப் பச்சை வயரோடும் இணைத்து, கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போடுங்கள். காயிலின் ஒரு முனை டிரெயினுக்கும் மறுமுனை டிகோடரின் எதிர்முனைத் திட்டுக்கும் (எதிர்முனைக்கான பற்றவைப்பு இடத்துக்கும்) செல்லும். டயோடின் கோடு போட்ட முனை இப்போது டிரெயின் பக்கமும், மற்றது எதிர்முனைப் பக்கமும் அமையும். பொத்தானை அழுத்தினால் பச்சை வயர் கேட்டைக் கீழே இழுக்கும். அதன் வழியே ஓடுவது ஒன்றரை மில்லியாம்பியருக்கு மேல் இராது. காயிலின் 304 மில்லியாம்பியர் முழுவதும் மாஸ்ஃபெட் வழியே செல்லும். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 20 வோல்ட் தாங்கும் வகையாகத் தேர்ந்தெடுங்கள். இந்த மின்னோட்டமும் டிகோடரின் உள்ளிருக்கும் நேர்ப்படுத்தியிலிருந்துதான் வருகிறது என்பதால், மோட்டாருக்கும் சேர்த்து டிகோடரின் மொத்த வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். டிகோடரில் எதிர்முனைத் திட்டு வெளியே இல்லாவிட்டால் இந்த வழி கூடாது. செயல்வெளியீடு பெரிதாக உள்ள டிகோடருக்கு மாறுவதே எளிது.

முன்பக்கக் கப்ளருக்கு, உங்கள் டிகோடரில் செருகியில் சேராத ஊதா நிற வயரோ, அதற்கான பற்றவைப்புத் திட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். 8 முனை டிகோடர்கள் பலவற்றில் இரண்டாம் கூடுதல் வெளியீடு இப்படித்தான் வெளியே விடப்பட்டிருக்கும். இரண்டு காயில்களையும் பச்சை வயரிலேயே பக்க இணைப்பாகச் சேர்ப்பதை மட்டும் செய்ய வேண்டாம். மின்னோட்டம் இரட்டிப்பாகும், நிற்கவேண்டிய கப்ளரும் சேர்ந்து கழலும். என்.இ.எம். 651 எனப்படும் 6 முனைச் செருகி உள்ள சிறிய இன்ஜின்களில் நீல வயரும் இல்லை, கூடுதல் வெளியீடும் இல்லை. அங்கே காயிலின் மறுமுனையைத் தண்டவாள வயரில் இணைப்போர் உண்டு; ஆனால் அரை அலையே கிடைப்பதால் விசை வெகுவாகக் குறையும். கப்ளருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

21 எம்.டி.சி. செருகியில் கவனிக்க வேண்டியது வேறு. அதில் 15-ஆம் முனையும் 14-ஆம் முனையும் முறையே முதல், இரண்டாம் கூடுதல் வெளியீடுகள். இவை வலுவூட்டப்பட்டவை, காயிலுக்கு ஏற்றவை. மூன்றாம், நான்காம் வெளியீடுகள் பல டிகோடர்களில் வெறும் தருக்கநிலை வெளியீடுகள், அதாவது காயிலை இயக்கும் வலுவில்லாத, அடையாள மின்னழுத்தம் மட்டும் தருபவை. நேரடியாகக் காயிலை இணைத்தால் அந்த முனை கெட்டுவிடும். அவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், தருக்கநிலையில் இயங்கும் என்-சேனல் மாஸ்ஃபெட் ஒன்றின் கேட்டை அந்த முனையிலும், சோர்ஸை எதிர்முனையான 20-ஆம் முனையிலும், டிரெயினைக் காயிலிலும் இணைத்து, காயிலின் மறுமுனையைப் பொது நேர்முனையான 16-ஆம் முனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பொத்தானைத் தேர்வதிலும் சிந்தனை வேண்டும். பல கைக்கருவிகளில் எஃப் 2 அழுத்தியிருக்கும் வரை மட்டுமே இயங்கும், விட்டால் நின்றுவிடும். ஒலிப்பானுக்கென வைக்கப்பட்ட அந்தப் பொத்தான் கப்ளருக்கும் பொருந்தும். ஒருமுறை அழுத்தினால் இயங்கிக்கொண்டே இருக்கும் எஃப் 1-இல் வைத்ததால்தான் மின்சாரம் திரும்ப வந்தபோது காயில் தானே இயங்கியது: பொத்தான் எந்த நிலையில் விடப்பட்டது என்பதை அமைப்பு நினைவில் வைத்திருந்து அதையே மீண்டும் அனுப்பியிருக்கிறது. இரண்டு கப்ளர்களையும் ஒரே பொத்தானில் வைத்து, திசையைப் பொறுத்து முன்னும் பின்னும் பிரித்தனுப்பும் அமைப்பும் உண்டு. ஆனால் ஷண்டிங்கில் திசையை அடிக்கடி மாற்றுவதால், இரண்டு தனிப் பொத்தான்களே குழப்பமில்லாதவை என்பது என் கருத்து.

இனி நினைவுலோகக் கம்பி. நிக்கலும் டைட்டானியமும் கலந்த இந்தக் கம்பி சூடானால் நீளத்தில் ஏறத்தாழ 4 விழுக்காடு சுருங்கும். குளிர்ந்ததும் ஸ்பிரிங்கின் இழுப்பில் பழைய நீளத்துக்கு வரும். 5 சென்டிமீட்டர் கம்பியில் கிடைக்கும் அசைவு 2 மில்லிமீட்டர். கொக்கியை உயர்த்த அது போதும். காயிலும் காந்தமும் இல்லாததால் மிகச் சிறிய இன்ஜின்களிலும் இடம் கிடைக்கும். 0.05 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பிக்கு ஏறக்குறைய 85 மில்லியாம்பியர் வேண்டும். அதன் மின்தடை மீட்டருக்குச் சுமார் 500 ஓம், ஆகவே 5 சென்டிமீட்டருக்கு 25 ஓம். உங்கள் 14.6 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் 584 மில்லியாம்பியர் ஓடி, கம்பி நினைவை இழந்துவிடும், டிகோடரும் ஆபத்துக்குள்ளாகும். இங்கே ரெசிஸ்டர் கட்டாயம்: 150 ஓம் தொடராக இருந்தால் 83 மில்லியாம்பியர் வரும். அந்த ரெசிஸ்டரே 1 வாட்டுக்கு மேல் சூடாவதால் 2 வாட் வகையாக எடுத்து, பிளாஸ்டிக்கிலிருந்து தள்ளி வையுங்கள். விளக்கை மங்கச் செய்யும் அமைப்பால் மின்னோட்டத்தைக் குறைக்கலாமே என்று தோன்றலாம். அது சராசரியைத்தான் குறைக்கும், ஒவ்வொரு துடிப்பிலும் 584 மில்லியாம்பியர் ஓடவே செய்யும். இது காயில் அல்லவாதலால், டயோடு இருந்தாலும் துடிப்பு சமனாகாது.

மின்சுருள்

நுண்கம்பி அவர்கள் சொன்ன மாஸ்ஃபெட் வழியை முழு மனத்தோடு ஏற்கிறேன். இருக்கும் டிகோடரை மாற்றாமல், உடனே பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவருவதற்காக நான் ரெசிஸ்டரைச் சொன்னேன். எதிர்முனைத் திட்டு கிடைக்கிறது என்றால் அவருடைய அமைப்பே மேலானது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: மாஸ்ஃபெட் வந்தபின் டிகோடரின் செயல்வெளியீட்டுப் பாதுகாப்புக்குக் காயிலில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. காயிலின் எனாமல் கருகி உள்ளே குறுக்கிணைந்தாலும் பச்சை வயரில் அதே ஒன்றரை மில்லியாம்பியர்தான் ஓடும். ஆகவே காயிலோடு தொடராக, தானே மீளும் வகைப் பியூஸ் ஒன்றை, 350 மில்லியாம்பியரைத் தொடர்ந்து தாங்கக்கூடியதாகப் பார்த்து, இணைத்துவிடுங்கள். சில விநாடி இயக்கத்தில் அது குறுக்கிடாது. குறுக்கிணைப்பு நேர்ந்தால் வழியை அடைத்துவிடும்.

சோதிக்கும் வரிசை: காயிலை இணைக்காமல், அதன் இடத்தில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு ஓர் எல்.இ.டி. வைத்து, பொத்தான், நேரம், தானாக நிற்பது ஆகிய மூன்றையும் பாருங்கள். எல்.இ.டி. உரிய நேரத்தில் அணைந்தால் காயிலை இணைக்கலாம். அதன் பிறகு, பெட்டி இல்லாமல் தள்ளி விலகும் ஆட்டத்தையும், ஒரு பெட்டியோடும், பிறகு பளுவான பல பெட்டிகளோடும் பாருங்கள். முன்பக்கக் கப்ளரை ஊதா வயரில் இணைக்கும்போதும் அந்த வெளியீட்டுக்குரிய சி.வி.யில் கப்ளர் முறையைத் தனியே எழுத வேண்டும். பச்சைக்கு எழுதியது ஊதாவுக்குச் செல்லாது. ஜிமோவாக இருந்தால் அது சி.வி. 128.